கரிநாளில் கறிக்குழம்பு

1

எங்கள் திருமண நாள் ஒவ்வோர் ஆண்டும் கரிநாளில்தான் வரும். ஆனி மாதம் ஆறாம் தேதி கரிநாள் என்று யாரோ ஒரு முன்னோர் தீர்மானித்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அதே தேதியில் போய்க் கையெழுத்துப் போட்டோம். தெரிந்தே போட்டோம் என்பதுதான் இரண்டு குடும்பங்களாலும் தாங்க முடியாத விஷயம்.

கரிநாள் என்றால் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாத நாள். வருடத்தில் முப்பதுக்கு மேல் உண்டு. அன்று கல்யாணம் கிடையாது, கடை திறப்பு கிடையாது, ஆகவே திண்டுக்கல் பதிவு அலுவலகத்தில் கூட்டமும் கிடையாது. நான் ஸ்டெல்லா, டவுனில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். செல்வராசு அய்யலூர்ப் பக்கம் ஆடு வளர்க்கும் இந்துக் குடும்பத்துப் பிள்ளை. எங்களுக்குப் பந்தக்கால் நட இரண்டு வீட்டிலும் யாரும் துடித்துக்கொண்டிருக்கவில்லை. கூட்டமில்லாத நாள் எதுவோ அதுதான் எங்களுக்கு முகூர்த்தம்.

அங்கிருந்த எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, இன்னைக்குக் கரிநாளும்மா. மணி வேற பதினொன்னு, எமகண்டம். நாளைக்குக் காலையில வாங்களேன். ஒங்க நல்லதுக்குத்தேன் சொல்றேன்."

"எங்க வீட்ல எல்லாரும் கிறிஸ்தவங்க சார். நாள் பாக்க மாட்டோம்" என்றேன் வீராப்பாக.

செல்வராசு சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர்ல கரிநாளுக்குத்தேன் சார் கறி எடுப்போம். அதவிட நல்ல நாளு ஏது?" என்றார்.

எழுத்தர் சிரிக்கவில்லை. ஆனால் செல்வராசு சொன்னது உண்மை. எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். அன்று கறி எடுக்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சின்ன 'ர' போட்ட கரிநாளை ஊர் முழுக்கச் சேர்ந்து பெரிய 'ற' போட்ட கறிநாளாக்கிச் சாப்பிட்டு முடித்துவிட்டது. செல்வராசு ஒரு படி மேலே போனார். பொங்கல் கரிநாள் மட்டும் என்ன பாவம் செய்தது, எல்லாக் கரிநாளும் கறிநாள்தான் என்று எங்கள் குடும்பத்துக்கு ஒரு சட்டம் போட்டார். பத்து வருடமாக அதுதான் நடைமுறையில் இருக்கிறது.

2

இப்போது நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊர். இந்த நாட்டில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் என்று சொல்வார்கள். செல்வராசு அதை நம்பித்தான் விண்ணப்பம் போட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வந்து பார்த்தால் அத்தனையும் செம்மறி. அவருக்கோ வெள்ளாட்டுக் கறிதான் கறி, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்கிற வெஞ்சனம். விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் மேய்ந்துகொண்டிருந்த மந்தைகளைப் பார்த்து, "அம்புட்டும் வீணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இங்கே வந்த பிறகு காலண்டருக்கும் வானத்துக்கும் இருந்த உறவு முறிந்தது. அம்மி பறக்க வேண்டிய ஆடியில் குழாய்த் தண்ணீர் உறைகிறது. மார்கழியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிறிஸ்துமஸ் அதிரச மாவு ஒரே நாளில் புளிக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சியைக் கம்பளிக்குள் இருந்துகொண்டு குடிக்கிறோம். முதல் பொங்கலுக்கு வீட்டு முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு அடுக்கினேன். கோடையில் வெளியே நெருப்பு மூட்ட அனுமதி வேண்டும் என்று பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தார். விண்ணப்பத்தில் 'நெருப்பின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பால் பொங்கி வழிய' என்று எழுதினேன். நகராட்சியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, பால் பொங்காமல் பார்த்துக்கொள்ள எளிய வழிகள் உண்டு என்று பொறுமையாக விளக்கினார். அதிலிருந்து எங்கள் பொங்கல் மின்சார அடுப்பில்தான்.

ஆனாலும் சுவரில் காலண்டர் தொங்குகிறது. திண்டுக்கல் ரைஸ் மில் ஒன்றின் பெயர் போட்ட, தினமும் தாள் கிழிக்கிற காலண்டர். அம்மா வருடா வருடம் பார்சலில் அனுப்புவாள். முதல் வருடம் அதற்குள் வெங்காய வடகத்தையும் சேர்த்துச் சுருட்டிவிட்டாள். எல்லை அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்தது: தங்கள் பார்சலில் தாவரப் பொருள் காணப்பட்டது, அதை அழிப்பதா, திருப்பி அனுப்புவதா, அதற்குச் சிகிச்சை அளிப்பதா? வடகத்துக்கு என்ன சிகிச்சை என்று எனக்குத் தெரியவில்லை. அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நல்லடக்கம் என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதில் போட்டிருப்பேன்.

நாள் பார்க்க மாட்டோம் என்று சொன்னவளுக்குக் காலண்டர் எதற்கு என்று கேட்பீர்கள். ஊரில் இருந்தவரை பார்க்கவில்லை. கடல் தாண்டி வந்ததும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், பரிகாரம் வெல்லம் என்று போட்டிருக்கும். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சமையலறை ஊருக்கு மேற்கே. வெள்ளிதோறும் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கிறேன். தெற்கே சூலம் வரும் வியாழன்தான் கவலை இல்லாத நாள். எங்களுக்குத் தெற்கே பனிக்கட்டிதான் இருக்கிறது.

ராகு காலம் எந்த ஊர் மணிக்கு என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு எட்டவில்லை. எனக்கு இந்த ஊர் மணி. செல்வராசுக்கு இந்திய மணி. "ராகு மதுரையில இருந்து கெளம்பி வர நேரமாகும்ல?" என்பது அவர் வாதம்.

3

இந்த வீட்டில் கறி சமைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஆகாது. தவக்காலம் வந்தால் புதனும் சேர்ந்துகொள்ளும். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி எல்லாம் அவருக்கு ஆகாது. தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடக்கிற மாதிரி விரதம் வேறு இருப்பார். நடப்பது படுக்கையறைக்கும் சமையலறைக்கும் இடையில்தான். திங்கள் செவ்வாயில் எனக்கு இரவு வரை வேலை. மிச்சம் இருப்பதில் கசாப்புக் கடை மூடியிருக்கும் நாளைக் கழித்துவிட்டால், இரண்டு மதமும் ஒரு நாடும் சேர்ந்து எங்களைக் கிட்டத்தட்டச் சைவமாக்கிவிட்டன.

ஆகவே கரிநாளுக்கு ஒரு சலுகை. அன்று யார் சாமியும் குறுக்கே வரக் கூடாது. வெள்ளிக்கிழமையில் வந்தால் மட்டும் சனிக்குத் தள்ளிவைப்போம். கறி வாங்குவதும் லேசில்லை. ஊருக்கு வெளியே வெள்ளாடு வளர்க்கும் ஒரு வயதான விவசாயியைச் செல்வராசு கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அய்யலூர்ச் சந்தையில் பார்ப்பதுபோல ஆட்டின் முதுகெலும்பை அழுத்திப் பார்ப்பார். அந்த விவசாயி முதலில் இவர் மருத்துவர் என்று நினைத்துத் தன் முதுகு வலியையும் சொன்னாராம்.

வறுத்து அரைத்த மல்லி மிளகு வாசனையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து கொதிக்கும்போது எங்கள் மகள் கயல் சமையலறைக்கு ஓடிவருவாள். ஒன்பது வயது. தமிழை நன்றாகப் புரிந்துகொள்வாள். பதிலை ஆங்கிலத்தில் தருவாள். "இன்னைக்குக் கறிநாளாம்மா?" என்பது மட்டும் சுத்தத் தமிழில் வரும். பிள்ளைகள் தாய்மொழியை மறக்கிறார்கள் என்று புலம்புகிற பெற்றோர்களே, கறி போடுங்கள்.

4

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

பெயர் சவரிமுத்து. மணிக்கூண்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில் முப்பது வருடமாகப் புரூஃப் பார்க்கிறார். எங்கள் சுவரில் தொங்கும் காலண்டரும் அவர் பிழை திருத்தியதுதான். ராகு காலம், எமகண்டம், கரிநாள், சூலம் எல்லாவற்றையும் வரி வரியாகச் சரிபார்ப்பார். ஒன்றையும் நம்ப மாட்டார். ஞாயிறு தவறாமல் கோயில், மற்ற நாளெல்லாம் பஞ்சாங்கம்.

சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "நம்பாததை ஏம்ப்பா இம்புட்டுக் கவனமா திருத்துறீங்க?"

"நம்புறவன் அதப் பாத்துட்டுத்தான வெளிய கெளம்புறான்? நான் மணியத் தப்பா விட்டா அவன் பொழப்புக் கெட்டுரும்ல" என்றார்.

அவருக்கு இது வேலையில்லை, வியாதி. சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பென்சில் இருக்கும். ஓட்டல் பலகையில் 'பரோட்டா'வைத் திருத்திவிட்டுத்தான் உட்காருவார். சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியில் இறந்தவரின் பெயருக்கு ஒற்று வைப்பார். அம்மா மளிகைச் சீட்டு எழுதினால், பருப்பு வரும் முன் திருத்தம் வரும்.

பதிவுத் திருமணத்துக்கு முப்பது நாள் முன்னால் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம். மூன்றாவது வாரம், யாராவது கிழித்துவிட்டார்களா என்று பார்க்கப் போனேன். கிழிக்கவில்லை. 'சவறிமுத்து மகள் ஸ்டெல்லா' என்று தட்டச்சு செய்திருந்ததில் 'றி'யைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அதிலிருந்து ஒரு கோடு ஓரத்துக்குப் போய், அங்கே அழகாக ஒரு 'ரி'. அப்பா வந்திருக்கிறார். படித்திருக்கிறார். வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள் போவதுகூடப் பரவாயில்லை, தன் பெயரில் ஒரு 'ற' வந்ததுதான் மனிதருக்குப் பொறுக்கவில்லை என்று அன்று நினைத்தேன். பத்து வருடமாக அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. தொலைபேசியில் நான் "அப்பா" என்றதும் ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்கும். அம்மா அடுப்படியிலிருந்து வரும்வரை எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றுவதைச் சர்வதேசக் கட்டணத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். கடிதங்களும் எழுதினேன். பார்த்துப் பார்த்து, ஒரு புள்ளி தவறாமல் எழுதினேன். புரூஃப் பார்ப்பவரின் மகள் இல்லையா? பதில் அம்மாவிடமிருந்து வரும்: 'அப்பா படித்தார்.' அவ்வளவுதான். எனக்கு வேண்டியது அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை. திட்டினாலும் சரி. ஏழெட்டுக் கடிதத்துக்குப் பிறகு நானும் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

5

இந்த வருட ஆனி ஆறு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பத்தாவது திருமண நாள். இரண்டு கிலோ வெள்ளாட்டுக் கறி. அந்த வாரமே கயலின் வகுப்பாசிரியை வேலையிடத்துக்குத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார். குரலில் அளவுக்கு மீறிய கனிவு. இந்த ஊரில் கனிவு கூடினால் ஏதோ வம்பு என்று பொருள்.

உணவுப் பழக்கங்கள் ஒவ்வொரு பண்பாட்டிலும் வேறுபடும், அதைப் பள்ளி மதிக்கிறது என்று ஆரம்பித்தார். நானும் மதிப்பதாகச் சொன்னேன். பிறகு மெல்லக் கேட்டார்: "நீங்கள் துரதிர்ஷ்டமான நாட்களில் குழந்தைக்கு அடுப்புக்கரி சமைத்துக் கொடுப்பது உண்மையா?"

விஷயம் இதுதான். 'எங்கள் வீட்டுப் பண்டிகை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கயல் கறிநாளைப் பற்றி எழுத நினைத்து, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்திருக்கிறாள். அதில் சின்ன 'ர'. அகராதியில் அதே சின்ன 'ர'வைத் தேடி, கிடைத்ததை ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டாள். வருடத்தில் முப்பது நாள் நாங்கள் அடுப்புக்கரியைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, சோற்றோடு பிசைந்து உண்கிறோம். நல்லவேளை, அதே சொல்லுக்கு யானை என்றும் ஒரு பொருள் அந்தப் பக்கத்தில் இருந்தது, அது அவள் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் வனவிலங்குத் துறையிலிருந்தும் கனிவாகக் கூப்பிட்டிருப்பார்கள்.

நான் விளக்கினேன். ஒரு 'ர' மெல்லியது, இன்னொன்று வலியது. ஒன்று கெட்ட நாள், இன்னொன்று ஆடு. கெட்ட நாளில் ஆட்டைச் சாப்பிட்டால் அது எங்களுக்கு நல்ல நாள். தவிர அது எங்கள் திருமண நாள். ஆசிரியை, குடும்பத்தில் விவரம் தெரிந்த வேறு யாரிடமாவது கேட்டுக் கயல் கட்டுரையைத் திருத்தி எழுதலாமே என்றார். 'வேறு யாரிடமாவது' என்பதை அழுத்திச் சொன்னார்.

6

"ஒன் தாத்தா காலண்டருக்கே பிழை பாக்குறவரு. அவருக்கு ஒரு கடுதாசி போடு, ஆத்தா" என்று மகளிடம் செல்வராசு எடுத்துக் கொடுத்தார்.

"போடட்டும்" என்றேன். "ஆனா என்னையப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. வந்தா கடுதாசி நேரா குப்பைக்குத்தான் போகும்."

இந்தப் பெண் குளிக்கச் சொன்னால் கேட்பதில்லை, படுக்கச் சொன்னால் கேட்பதில்லை. இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டாள். ஒரு மாலை முழுக்க நாக்கைத் துருத்திக்கொண்டு தமிழில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள்.

'அன்புள்ள தாத்தா, நானும் அப்பாவும் நலம். நீங்களும் அம்மாச்சியும் நலமா? இங்கு மலை பெய்கிறது. எங்கள் வீட்டில் கறிநாள் அன்று கரி சமைப்போம். மிகவும் ருசியாக இருக்கும். மிஸ்ஸுக்குப் புரியவில்லை. இது ஏன் என்று எழுதுங்கள். அன்புடன் கயல்.'

இரண்டு எழுத்தையும் மிகச் சரியாக இடம் மாற்றிப் போட்டிருந்தாள். திருத்திக் கொடுக்கத்தான் பேனாவை எடுத்தேன். எப்படியும் பதில் வரப்போவதில்லை, பிள்ளை கையெழுத்தாவது பிள்ளை கையெழுத்தாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். உறையில் முகவரியை மட்டும் செல்வராசு எழுதினார்.

7

ஆடி பாதி கடந்த ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்குத் தபால் வந்தது. இந்த ஊர் மணிப்படி ராகு காலம். உறைமேல் அப்பாவின் கையெழுத்து. பத்து வருடத்துக்குப் பிறகும் அந்த 'க'வின் வளைவை எனக்கு அடையாளம் தெரிந்தது. கயல் பெயருக்குத்தான் வந்திருந்தது. அவள்தான் பிரித்தாள்.

உள்ளே பதில் கடிதம் இல்லை. அவள் எழுதிய கடிதமே திரும்பி வந்திருந்தது. நான் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய்யில்லை பாருங்கள். ஒன்பது வயதுப் பேத்தி முதன்முதலாக எழுதிய கடிதத்துக்கு மனிதர் புரூஃப் பார்த்து அனுப்பியிருக்கிறார். 'மலை'யைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஓரத்தில் 'மழை'. 'கறிநாள்' வட்டம், ஓரத்தில் சின்ன 'ரி'. 'கரி' வட்டம், ஓரத்தில் பெரிய 'றி'. சரியான இடத்தில் சரியான குறிகள்.

"தாத்தா மோசம்மா. எல்லாமே தப்பாம்" என்றாள் கயல்.

செல்வராசு வாங்கிப் பார்த்தார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்காமல் என்னிடம் நீட்டினார். "மொத வரியப் பாரு" என்றார்.

'நானும் அப்பாவும் நலம்.' அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 'அப்பாவும்' என்பதற்குப் பக்கத்தில், வரிக்குக் கீழே, கூரை போன்ற ஒரு சின்னச் சிவப்புக் குறி. அச்சகத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தால் போடுகிற குறி. ஓரத்தில், சேர்க்க வேண்டிய சொல்: 'அம்மாவும்'. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

தாளின் அடியில், காலண்டர் புரூஃபுகளில் அவர் எப்போதும் எழுதுகிற அதே வரி: 'திருத்தி, மறுபடி ஒரு படி அனுப்பவும்.'

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. அன்று அந்த நோட்டீஸ் பலகையில் முப்பது நாளும் ஆட்சேபணை தெரிவிக்க அவருக்கு இடம் இருந்தது. கையில் பென்சிலும் இருந்தது. அவர் ஆட்சேபிக்கவில்லை. யாரோ ஒரு பெண்ணின் பெயராக அது போய்விடாமல், என்னைத் தன் மகளாகச் சரியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத்தான் பத்து வருடமாக அதைப் படிக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் கயல் மறுபடி எழுத உட்கார்ந்தாள். ஓரத்தில் இருந்ததையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். 'நானும் அப்பாவும் அம்மாவும் நலம்' என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இப்ப உன்னையப் பத்தி எழுதலாமா?"

"எழுதலாம்."

எழுதி முடித்ததும் சரிபார்க்க என்னிடம் கொடுத்தாள். மழை சரி. கரிநாள் சரி. கறி சரி. புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இங்கு குழிர் அதிகம்.'

பேனா கையில்தான் இருந்தது. ஏழெட்டுக் கடிதங்களை ஒரு புள்ளி பிசகாமல் எழுதி அனுப்பி எனக்கு என்ன கிடைத்தது என்று நினைத்துப் பார்த்தேன்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?"

"எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லி, அப்படியே மடித்து உறையில் போட்டு ஒட்டினேன்.